பாலர் பள்ளிப் பிள்ளைகளின் எடைக்காக அம்மாக்களுக்கு ஒரு புலனக் குழு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளின் அம்மாக்களுக்காக நானும் என்னோடு பாலர் பள்ளியில் வேலை செய்யும் இன்னோர் ஆசிரியையும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு குழு நடத்துகிறோம். ஒரு சுற்றுக்குப் பத்து அம்மாக்கள், எட்டு வாரம், வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம். நான்கு சுற்று முடிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து "எங்க பக்கமும் தொடங்கணும், எப்படி செய்றீங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் குரல் பதிவில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன். இதை நடத்த நீங்கள் டாக்டராகவோ சத்துணவுப் பட்டதாரியாகவோ இருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், அது கடைசியில் வருகிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். காய்கறி நல்லது, சீனி அதிகமானால் கெடுதல் என்பதெல்லாம் அம்மாக்களுக்குத் தெரியும். விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது, தூக்கம் கலையாத பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிற அந்தப் பரபரப்பில், எந்த ஒரு சின்ன இடத்தை மாற்றினால் தாங்கும் என்பதுதான் தெரிவதில்லை. அதைக் கூடவே இருந்து கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் குழுவின் வேலை.

எடை என்றால் எந்த எடை

பலர் இதைக் குண்டுப் பிள்ளைகளுக்கான குழு என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். வேண்டாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று வந்தது. அதே ஆய்வில் 5 முதல் 17 வயது வரையிலானவர்களில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். ஒரே வீட்டில் அண்ணன் பருமனாகவும் தம்பி குன்றிப்போயும் இருப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம், இரண்டு பேரும் குடிப்பது ஒரே இனிப்புத் தண்ணியாகத்தான் இருக்கும். அதனால் குழுவில் எல்லா அம்மாக்களையும் சேருங்கள், மெலிந்த பிள்ளையின் அம்மாவையும் சேர்த்து.

பிள்ளையின் எடை சரியா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நம் ஊரில் யாரையும் அப்படிச் சொல்ல விடவும் கூடாது. கன்னம் உப்பியிருந்தால் "நல்லா புஷ்டியா இருக்கான்" என்பார்கள், ஓடியாடும் ஒல்லிப் பிள்ளையைப் பார்த்து "என்னம்மா, சோறு போடறதில்லையா?" என்பார்கள். பிள்ளை பிறந்தபோது அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த புத்தகம் எல்லா வீட்டிலும் இருக்கும், ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ். ஊசி போட்டு முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடும். அதை வெளியே எடுக்க வைப்பதுதான் உங்கள் முதல் வேலை. அதில் வளர்ச்சிக் கோடுகள் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுப்படி நடுக்கோட்டில் இருக்கும் பிள்ளை மூன்று வயதில் ஏறக்குறைய 14 கிலோ, நான்கில் 16, ஐந்தில் 18. உயரம் 95, 103, 110 சென்டிமீட்டர் பக்கம். இது நடுக்கோடுதான், எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு கிடையாது என்பதை இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள், ஏனென்றால் 15 கிலோ இருக்கும் நான்கு வயதுப் பிள்ளையின் அம்மா உடனே கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். பிள்ளை எந்தக் கோட்டை ஒட்டி வளர்ந்து வந்ததோ அதை ஒட்டியே போகிறதா, இல்லை கோடுகளைத் தாண்டி மேலேயோ கீழேயோ சரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், அதைக் கிளினிக் தாதி, நாம் மிசி என்று கூப்பிடுகிறவர், பார்த்துச் சொல்லட்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் பாதி அம்மாக்களின் பயம் இதைக் கேட்டதும் இறங்கிவிடுகிறது. முதல் வயதில் பிள்ளையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதன்பிறகு வேகம் குறைந்து, மூன்று வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ, ஆறேழு சென்டிமீட்டர் என்று போகும். வளர்ச்சி குறையும்போது பசியும் குறையும், தொப்பையும் கன்னமும் வற்றும், உடம்பு நீளும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தட்டைத் தள்ளுவது பெரும்பாலும் இதனால்தான். அம்மா பயந்துபோய்ப் பால் போத்தலைத் திரும்பக் கையில் கொடுப்பதும், பிஸ்கட்டையாவது சாப்பிடட்டும் என்று விடுவதும் இந்தக் கட்டத்தில்தான். பிஸ்கட்டும் பாலும் வயிற்றை அடைத்துவிடுவதால் சோற்று நேரத்தில் பசி இருக்காது. அதைப் பார்த்து அம்மா இன்னும் பயப்படுவார்.

ஆளைச் சேர்ப்பது, முதல் தடவை நேரில்

முதல் சந்திப்பைக் கைப்பேசியில் வைக்காதீர்கள். மலேசியாவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்காக யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் நடத்திய திட்டத்திலும் முதலில் நேரில் சந்தித்துவிட்டு அப்புறம்தான் முகநூலுக்கும் புலனத்துக்கும் போனார்கள். முகம் தெரியாத குழுவில் எந்த அம்மாவும் "என் பிள்ளை இன்னும் போத்தலில்தான் குடிக்கிறான்" என்று சொல்லமாட்டார். கோயில் மண்டபமோ பாலர் பள்ளி வகுப்பறையோ போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மணி நேரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர்.

அம்மாவை மட்டும் கூப்பிடாதீர்கள், பிள்ளைக்கு உண்மையில் சோறு போடுவது யார் என்று கேட்டு அவரையும் கூப்பிடுங்கள். தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டின காலத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போன அம்மாக்கள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள், பகல் முழுக்க ஊட்டியது ஆயாதான். இன்று தோட்டம் செம்பனையாகி, லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருந்தாலும் நிலைமை அதேதான். பகலில் ஊட்டுகிற கை பாட்டியுடையதாகவோ பக்கத்து வீட்டு அக்காவுடையதாகவோ இருக்கிறது. எங்கள் முதல் சுற்றில் பாட்டிகளை விட்டுவிட்டோம். அம்மா இரவில் கேட்ட பாடம் காலையில் பாட்டி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து கைப்பேசி வைத்திருக்கும் பாட்டியைக் குழுவிலேயே சேர்த்தோம், இல்லாதவருக்கு மருமகள் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்.

முதல் நாளே விதிகளைச் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் எடை, உயரம், புத்தகப் பக்கம், பிள்ளையின் படம் எதுவும் குழுவில் வரக்கூடாது. இரவு பத்துக்கு மேல் செய்தி வேண்டாம். சத்து மாவு, பசி மருந்து, மெலிய வைக்கும் பொடி விற்பனை கிடையாது (கட்டாயம் யாராவது கொண்டுவருவார்கள், முதல் செய்தியிலேயே நீக்கிவிட வேண்டும்). எடை விதியை நான் பட்டுத்தான் வைத்தேன். முதல் சுற்றில், உதவியாக இருக்கும் என்று நினைத்து, பத்துப் பிள்ளைகளின் பெயரையும் எடையையும் ஒரு பட்டியலாகப் போட்டேன். அன்று இரவே ஓர் அம்மா குழுவை விட்டு வெளியேறினார். வீட்டுக்குப் போய்ப் பேசியபோது, "எல்லார் முன்னாலயும் எம்மகள குண்டுன்னு எழுதி ஒட்டிட்டீங்களே டீச்சர்" என்றார். அவர் திரும்பச் சேரவே இல்லை. அந்தப் பட்டியலை நான் போட்டிருக்கவே கூடாது.

அனுப்புவது எப்படி

எழுத்தில் நீளமாக அனுப்பினால் படிக்கமாட்டார்கள், அது சோம்பலால் இல்லை. மலாய்ப் பள்ளியில் படித்த அம்மாக்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் வாசிக்கத் தடுமாறுவார்கள். குரல் பதிவு போடுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பஸ்ஸில் கேட்கலாம், சமைத்துக்கொண்டே கேட்கலாம், டேட்டாவும் கொஞ்சம்தான் செலவாகும். காணொலி அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள், அளவைச் சுருக்கி, வாரத்துக்கு ஒன்று. பிரீபெய்ட் டாப் அப்பில் ஓடும் கைப்பேசியில் பெரிய காணொலி இறங்காது, இறங்கினாலும் அந்த மாத டேட்டா போய்விடும்.

நேரத்தை முதல் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரவு எட்டரை சரியாக வந்தது, ஷிப்ட் வேலை செய்யும் மூன்று பேர் மட்டும் காலையில் கேட்பார்கள். திங்கள் குரல் பதிவு, புதன் ஒரு கேள்வி, சனி "இந்த வாரம் என்ன ஆச்சு?" என்று ஒரு விசாரிப்பு. அவ்வளவுதான். தினமும் அனுப்பினால் குழு மியூட்டுக்குப் போய்விடும்.

குரல் பதிவில் பேசும்போது வகுப்பில் பேசுவது போலப் பேசாதீர்கள். "பெற்றோர்களே" என்று தொடங்கினால் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். "அக்கா, இன்னிக்கு ஒரே ஒரு விஷயம்தான்" என்று தொடங்கிப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் தண்ணி

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், தண்ணியில், அதாவது பிள்ளை குடிப்பதில் தொடங்குங்கள். ஐரோப்பாவில் தொடங்கி மலேசியப் பாலர் பள்ளிகளுக்கும் வந்த டாய்பாக்ஸ் திட்டம் பிடித்துக்கொண்டது நான்கே பழக்கங்களை: தண்ணீர் குடிப்பது, இடைத்தீனி, ஓடியாடுவது, உட்கார்ந்தே இருப்பதைக் குறைப்பது. நாங்களும் அதே வரிசையில் போகிறோம். இனிப்புத் தண்ணியைக் குறைக்கப் பணம் செலவாகாது, சமையல் மாறாது, கணவரின் சாப்பாட்டில் கை வைக்க வேண்டியதில்லை. அதனால் முதல் வாரத்திலேயே அம்மாவுக்குக் கையில் ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும்.

இந்த வாரத்துக்கான வேலை: வீட்டில் பாக்கெட்டில் இருக்கும் இனிப்புத் தண்ணியின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "குலா" (மலாயில் சீனி) என்று போட்டு 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்று இருக்கும். 2019 ஜூலையிலிருந்து 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு வரி உண்டு. அதற்குப் பிறகு பல பாக்கெட்டுகளில் 5க்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டார்கள். அதைப் பார்த்து "இதில் சீனி கம்மிதானே" என்று அம்மாக்கள் நினைப்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 4.8 கிராம் என்றால், 250 மில்லிலிட்டர் பாக்கெட்டில் 12 கிராம், ஒரு தேக்கரண்டி 4 கிராம், ஆக மூன்று கரண்டி. அடுத்து டின் பால், அதாவது சீனி சேர்த்த கெட்டிப் பால். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி. கடையில் கிரிமர் என்று விற்கும் டின்னில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய்தான் இருக்கும், அது பிள்ளைக்குப் பால் ஆகாது.

கணக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள், செய்து பார்க்க வையுங்கள். பிள்ளை நேற்றுக் குடித்ததையெல்லாம் நினைத்துப் பார்த்து, அத்தனை கரண்டி சீனியை ஒரு காலி கிளாஸில் போட்டு, கிளாஸை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாம் சுற்றில் ஓர் அம்மா மகன் குடித்த இரண்டு பாக்கெட்டையும், இரண்டு வேளை மைலோவில் ஊற்றிய டின் பாலையும் சேர்த்து அளந்தார். பதினொரு கரண்டி. சின்ன டீ கிளாஸில் கால்வாசிக்கு வெள்ளையாக நின்றது. மைலோத் தூளில் இருப்பதை அவர் சேர்க்கவும் இல்லை. கிளாஸ் அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கிறது, மாமியார் வந்து பார்த்துவிட்டு, "இதையா நான் தினமும் அவனுக்கு வாங்கிக் குடுத்தேன்?" என்று கேட்டாராம். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 30 கிராமுக்குள், அதாவது ஏழு கரண்டிக்குள் இருக்க வேண்டும், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பதை அந்தப் படம் வந்த பிறகு சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அம்மாக்கள் கரண்டியைக் குறைத்து அளப்பார்கள்.

நிறுத்தச் சொல்லும்போது ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு பாக்கெட் ஒன்றாகட்டும், அந்த ஒன்றும் சாப்பாட்டோடு போகட்டும், பாலர் பள்ளிப் பையில் வெறும் தண்ணீர் மட்டும். மைலோவில் டின் பாலுக்குப் பதில் சாதாரணப் பாலோ முழுக் கொழுப்புப் பால்மாவோ சேர்த்து, தூளை வாரம் அரைக் கரண்டி குறைத்துக்கொண்டே வரலாம். பால் ஒரு நாளைக்கு இரண்டு கப் போதும், அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்புச் சத்தும் குறையும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கென்று விற்கும் விலை கூடிய பால்மாவு கட்டாயமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஓர் அம்மா சம்பளத்தில் பெரிய பங்கை அதற்கே கொடுத்துக்கொண்டிருந்தார், அந்தப் பணம் முட்டைக்கும் மீனுக்கும் திரும்பியது.

இரவு வாயில் போத்தலோடு தூங்கும் பிள்ளைக்குப் பல்லும் போகும். போத்தலை நிறுத்த ஒரு வாரம் அழுகை இருக்கும். அந்த வாரத்தில் அம்மாவுக்குத் தினமும் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரம்: யார் எதை முடிவு செய்வது

நான் இந்தக் குழுவில் சொல்லித் தருவதிலேயே பெரியது என்று நினைப்பது இதுதான். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த முறை: என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர் முடிவு, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை நக்கட் கேட்டால் நக்கட், ஆனால் தட்டில் வைத்த கடைசிப் பருக்கை வரை பாட்டி வாயில் திணித்துத்தான் விடுவார். சோற்றுத் தட்டோடு வீடு முழுக்கத் துரத்துவது, கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுக் கவனம் திரும்பும்போது ஒரு வாய் ஊட்டுவது எல்லாம் அன்பினால்தான். ஆனால் வயிறு நிறைந்ததைப் பிள்ளைக்குச் சொல்லும் உணர்வு இதில் மழுங்கிப்போகிறது. மெலிந்த பிள்ளைக்குச் சாப்பாடு என்றாலே சண்டை என்று ஆகிவிடும், பருமனான பிள்ளைக்கு நிறுத்தத் தெரியாமல் போய்விடும்.

செய்யச் சொல்வது: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு இடைத்தீனி, நேரம் ஏறக்குறைய ஒரே மாதிரி, நடுவே தண்ணீர் மட்டும். தரையில் பாய் போட்டாவது ஒரே இடத்தில் உட்கார்ந்து, கைப்பேசியும் டிவியும் இல்லாமல். முதலில் கொஞ்சமாக வையுங்கள், பிள்ளையின் கைப்பிடி அளவு சோறு, கேட்டால் மறுபடி. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம், திட்ட வேண்டாம், அடுத்த வேளைக்கு முன் பிஸ்கட்டும் வேண்டாம்.

இந்த வாரத்தில் கட்டாயம் ஒரு அம்மாவிடமிருந்து செய்தி வரும்: "அக்கா, ரெண்டு நாளா ரெண்டு வாய்தான் சாப்பிட்டான், மனசு கேக்கல." நாங்கள் சொல்லும் பதில்: "தெரியும்மா. அவன் ஓடுறானா, விளையாடுறானா, ஒன்னுக்குப் போறானா? அப்படின்னா பயப்படாதீங்க. ஒரு வாரத்துல அவன் சாப்பிட்டத மொத்தமா எழுதிப் பாருங்க, ஒரு வேளைய மட்டும் பாக்காதீங்க." எழுதிப் பார்த்தால் செவ்வாய் மதியம் ஒன்றும் இல்லை, புதன் காலை மூன்று தோசை என்று இருக்கும்.

தட்டில் என்ன என்பதற்கு, கிளினிக் சுவரில் இருக்கும் சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செபாரோ" படமே போதும். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, பாதி காயும் பழமும். சின்னப் பிள்ளைக்கு அந்தப் பாதியைக் கணக்காக நிரப்ப வேண்டியதில்லை, தினமும் தட்டில் ஏதாவது பச்சை இருந்தால் போதும் என்று தொடங்குங்கள். விலை அதிகமான எதையும் சொல்லாதீர்கள். முட்டை, தௌபூ, தெம்பே, கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), பருப்பு இவையே போதும். காலைப் பசியாறலுக்கு இட்லி, தோசை, முட்டை வைத்த ரொட்டி. பாலர் பள்ளிக்கு அவித்த கடலையோ பாசிப்பயறோ, ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு பப்பாளி. நான்கு வயதுக்குள் முழுக் கச்சானும் (வேர்க்கடலை) முழுத் திராட்சையும் தொண்டையில் அடைக்கும், திராட்சையை நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள், கடலையை நசுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வாரம்: கீரை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதுக் காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவை கூட ஆகலாம். மூன்றாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று விட்டுவிடுகிறோம். ஒரே காயை, ஒரு கரண்டி அளவு, வாரத்தில் மூன்று நாள் தட்டு ஓரத்தில் வையுங்கள், சாப்பிடு என்று சொல்லாமல். தொட்டுப் பார்த்தாலும் சரி, நக்கிவிட்டு வைத்தாலும் சரி. அம்மாவும் அப்பாவும் அதையே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்று சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னால் கீரை தண்டனையாகவும் ஐஸ்கிரீம் பரிசாகவும் பிள்ளை மனதில் பதிந்துவிடும். லயத்துப் பின்பக்கம் முருங்கை இல்லாத வீடு குறைவு. பருப்போடு முருங்கைக் கீரை, பாயாம் கீரைச் சூப், கங்கோங் தண்டைப் பொடியாக நறுக்கி முட்டையில் போட்டுப் பொரித்தது, இதற்கெல்லாம் செய்முறையை அம்மாக்களே குரலில் போடட்டும். எங்கள் குழுவில் அதிகம் பகிரப்பட்ட பதிவு ஒரு பாட்டி சொன்ன முருங்கைக்கீரைப் பொரியல்தான்.

ஆறாம் வாரம்: ஓட்டம், தூக்கம், திரை

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை, மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் ஓடியாடல், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க. திரை ஒரு மணி நேரத்துக்குள். தூக்கம் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் என்றதும் மலைப்பார்கள், ஆனால் அது நாள் முழுக்கச் சிதறிக் கிடப்பதுதான்: கடைக்கு நடப்பது, துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பது, நொண்டி, கண்ணாமூச்சி. எங்கள் தாமானில் மோட்டாரும் நாயும் இருப்பதால் தனியாக விட முடியாது. நான்கு அம்மாக்கள் சேர்ந்து மாலை ஐந்தரைக்கு முறை போட்டுக்கொண்டு ஒருவர் நிற்க, பிள்ளைகள் ஆறரை வரை விளையாடினார்கள். அந்த முறை குழுவில் பேசி வந்ததுதான், நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சீரியல் முடிந்து பதினொன்றுக்குத் தூங்கி, ஐந்தரைக்கு எழுப்பப்படும் பிள்ளைக்குத் தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்த பிள்ளைக்கு எடை கூடும் வாய்ப்பு அதிகம், மறுநாள் எரிச்சலும் இனிப்பு ஆசையும் சேர்ந்து வரும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், முடியாதவர்கள் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்தட்டும்.

ஏழாவது வாரத்தில் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையும் திருவிழாவும். இரவில் அப்பா கையோடு வாங்கிவரும் பலகாரம் பெரிய விஷயம், அதனால் அந்த வாரக் குரல் பதிவை ஓர் அப்பாவை விட்டே பேச வைத்தோம். தீபாவளி முறுக்கைத் தடுக்க வேண்டாம், அதைத் தட்டில் எடுத்து வைத்து உட்கார்ந்து சாப்பிடட்டும், டின்னோடு கையில் கொடுக்க வேண்டாம்.

பேசாத அம்மா

பத்துப் பேரில் மூன்று பேர்தான் எப்போதும் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்கிறார்களா என்பது பதிவை அழுத்திப் பிடித்து அதன் தகவலைத் திறந்து பார்த்தாலே தெரியும், அதற்கு மேல் குழுவில் கேட்டு நெருக்காதீர்கள். இரண்டு வாரம் சத்தமே இல்லை என்றால் தனியாக ஒரு அழைப்பு, பாடத்தைப் பற்றி இல்லாமல், "நல்லா இருக்கீங்களா, வேலை எப்படிப் போகுது?" என்று. ஓவர்டைமாக இருக்கும், கணவருக்கு உடம்பு முடியாமல் இருக்கும், கைப்பேசி உடைந்திருக்கும். "இந்த வாரம் ஒன்னும் செய்ய முடியல டீச்சர்" என்றால் "சரிம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பதோடு நிறுத்துங்கள்.

முன்னேற்றத்தை எடையில் அளக்காதீர்கள். எட்டு வாரத்தில் எடை பெரிதாக மாறாது, மாறவும் தேவையில்லை. கூடுதல் எடை உள்ள சின்னப் பிள்ளைக்கும் பெரும்பாலும் எடையை இறக்குவது நோக்கமில்லை. எடை கூடும் வேகம் குறைந்தால், உயரம் வளர வளர உடம்பு தானாகச் சரியாகும். வாரத்துக்கு எத்தனை பாக்கெட் தண்ணி, எத்தனை நாள் திரை இல்லாமல் சாப்பாடு, எத்தனை நாள் ஒன்பதரைக்கு முன் தூக்கம் என்று முதல் வாரமும் எட்டாம் வாரமும் கேட்டு எழுதினால் போதும்.

எங்கே நிறுத்துவது

பிள்ளைக்கு டயட் சொல்லாதீர்கள், எந்த மருந்தும் டானிக்கும் சொல்லாதீர்கள். கோடு தாண்டி எடை ஏறுகிறது அல்லது இறங்குகிறது, கழுத்து மடிப்பில் அழுக்கு மாதிரிக் கருப்புப் படிந்து கழுவினாலும் போகவில்லை, சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது, ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் போகிறது, வெளுத்துப்போய் மண் தின்கிறது, விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருக்கிறது என்று ஏதாவது கேள்விப்பட்டால் உடனே கிளினிக். தாகம், சிறுநீர், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). வறிய குடும்பத்தில் பிள்ளைக்குச் சத்துக்குறைவு என்று தெரிந்தால் கிளினிக் வழியாக மாதாந்திர உணவுக் கூடை கிடைக்கும் திட்டம் இருக்கிறது. மிசியிடம் கேட்கச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சப்படும் அம்மாவோடு நீங்களே ஒரு நாள் கூடப் போங்கள். நான் போயிருக்கிறேன், அரை நாள் ஆகும்.

எட்டாம் வாரம் எல்லோரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் எடையும் உயரமும் பார்த்து வரட்டும், எண்ணை உங்களிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. குழுவை மூடாதீர்கள், பதிவுகளை வரிசை எண் போட்டுச் சேமித்துவையுங்கள், அடுத்த சுற்றுக்கு அவை அப்படியே உதவும். அடுத்த சுற்றில் உங்களோடு நடத்த இந்தப் பத்துப் பேரில் ஒருவரைக் கூப்பிடுங்கள், நன்றாகப் பேசுகிறவரைவிட மற்றவர்கள் தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்பது யாரையோ அவரை. மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை இரவு எட்டரைக்கு ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "அக்கா, இப்ப பிள்ளை பையில என்ன தண்ணி போகுது?"